மா பொங்கவில்லையா? மலைநாட்டுப் பேக்கரிகளுக்கு, அறிகுறி பார்த்து ஈஸ்ட்டைச் சரிசெய்யும் வழி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துப் பேக்கரிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே வசனத்தில் தொடங்கும்: “ஈஸ்ட் சரியில்ல, மா பொங்க மாட்டேங்குது.” போய்ப் பார்த்தால் ஈஸ்ட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதன்மேல் நாம் ஏற்றிய சுமைதான் கூடியிருக்கும்: சீனி, உப்பு, அமிலம், குளிர், சூடு.

ஈஸ்ட் செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சீனி உள்ளே வர வாயில்கள், உப்பை வெளியே தள்ள ஒரு பம்பு, அமிலத்தை வெளியேற்ற இன்னொன்று என்று அந்தச் சவ்வில் ஏராளமான வழிகள். சுமை ஏறும்போது ஈஸ்ட் முதலில் இவற்றைத் திறந்தும் மூடியும்தான் சமாளிக்கிறது. அது ஓரளவு முடிந்த பிறகே நமக்கு வாயு தரும். ஆகவே மா பொங்காத நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போடுவதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். புதிதாகப் போட்ட ஈஸ்ட்டும் அதே சுமைக்குள்தானே விழுகிறது.

கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில், காசு போகும் வேலை பின்னால். சதவீதம் என்று வரும் இடமெல்லாம் மாவின் எடையை 100 என்று வைத்த கணக்கு.

## எதற்கும் முதலில்: டம்ளர் சோதனை

100 மில்லிலீற்றர் தண்ணீர், 38 முதல் 40 பாகை செல்சியஸ் சூட்டில். ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். உப்பு வேண்டாம். லேசாகக் கலக்கி, 10 நிமிடம் காற்றுப் படாத இடத்தில் வையுங்கள்.

நல்ல ஈஸ்ட் என்றால் மூன்று நான்கு நிமிடத்தில் அடியிலிருந்து சிறு குமிழ்கள் மேலே வரும். மண்ணிறத் திட்டுகள் விரிந்து ஒன்றோடொன்று சேரும். 10 நிமிடத்தில் ஒரு விரல் தடிப்புக்கு நுரை எழும்பி நடுவில் கொஞ்சம் மேடாக நிற்கும். சில பொட்டுக் குமிழ்கள் மட்டும் வந்து தண்ணீர் கலங்கிக் கிடந்தால் அதை நுரை என்று எடுக்க வேண்டாம்.

தண்ணீரின் சூட்டை விரலால் பார்க்காதீர்கள். விடியற்காலைக் குளிரில் விறைத்த விரலுக்கு 30 பாகையும் சுடும். தர்மாமீட்டர் இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் பிடியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் கொதிப்பதே 94 பாகை அளவில்தான். குழாய்த்தண்ணீர் காலையில் 14 பாகை இருந்தால், ஒரு கோப்பை கொதிநீருக்கு இரண்டு கோப்பை பச்சைத்தண்ணீர் சேர்க்க 40 பாகை வரும். அதே கலவை கொழும்பில் 50 பாகையைத் தாண்டிவிடும். அங்கே ஒன்றுக்கு ஐந்துதான் சரி. கொழும்பில் தொழில் பழகிய பாஸ்மார் அந்த ஒன்றுக்கு ஐந்தையே இங்கேயும் பிடித்தால் தண்ணீர் 27 பாகையில் நின்றுவிடும். தலவாக்கலையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “கொழும்புல செஞ்ச அதே கணக்குதான் தம்பி. அங்க ரெண்டு மணித்தியாலத்துல பொங்கும், இங்க விடிஞ்சாலும் பொங்க மாட்டேங்குது.” அவர் கணக்கில் பிழையில்லை. தண்ணீர்தான் வேறு.

## பாண், பணிஸ் எதுவுமே பொங்கவில்லை

### டம்ளரில் நுரை வந்தது

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. இனி மாவைப் பாருங்கள்.

குழைத்த மாவின் சூடு. பிசைந்து முடித்ததும் தர்மாமீட்டரை மாவின் நடுவில் குத்துங்கள். 26 முதல் 28 பாகை வேண்டும். ஜனவரி, பெப்ரவரிக் காலையில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் 18, 19 பாகைதான் காட்டும். 10 பாகை குறைந்தால் பொங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். குளிரில் சவ்வே விறைத்துப்போவதால் அதில் பதிந்திருக்கும் சீனி வாயில்களும் மந்தமாகின்றன. வெளியே சாப்பாடு இருந்தும் உள்ளே போவது குறைவு.

இதற்கு எளிய கணக்கு ஒன்று: நமக்கு வேண்டிய 27ஐ இரண்டால் பெருக்கி, அதிலிருந்து இன்னும் பிசையாத உலர்ந்த மாவின் சூட்டைக் கழியுங்கள். மா 13 பாகை என்றால் 54 கழித்தல் 13, அதாவது 41 பாகைத் தண்ணீர். குளிர்ந்த மேசையில் கையால் பிசைகிறீர்கள் என்றால் இன்னும் 2 பாகை கூட்டலாம். கணக்கு 45க்கு மேல் வந்தால் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே போகாதீர்கள். மூட்டையை முந்தின இரவே போறணை அறைக்குள் கொண்டுவந்து, சீமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். 55 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும்; அதன்பிறகு திரும்ப வராது.

பொங்க வைக்கும் இடமும் முக்கியம். கதவுள்ள அலுமாரி ஒன்றின் அடித்தட்டில் அகலமான பாத்திரத்தில் கொதிநீர் வைத்து மூடினால் 32 முதல் 35 பாகை கிடைக்கும், மாவின் மேல்தோலும் காயாது. சின்னப் பேக்கரிக்கு இது போதும்.

உப்பு. மாவில் ஒரு கிள்ளு எடுத்து ருசி பாருங்கள். 50 கிலோ மூட்டைக்கு 1 கிலோ உப்பு, அதாவது 2 சதவீதம், மேல் எல்லை. இரண்டு பேர் மாறி மாறி மெஷினைப் பார்க்கும் இடங்களில் இரண்டு தடவை உப்பு விழுவது நடக்கிற காரியம். உப்பிலுள்ள சோடியத்தை ஈஸ்ட் தன் சக்தியைச் செலவழித்துத்தான் வெளியே தள்ளுகிறது; வெளியே குவிகிற அளவு கூடக் கூட அந்த வேலைக்கு முடிவே இல்லை. கரிக்கிற மாவை எறிய வேண்டியதில்லை. உப்பில்லாமல் அதே அளவு இன்னொரு மா பிசைந்து இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கல்லுப்பு என்றால் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீரில் குளோரின். பெருமழை, மண்சரிவுக்குப் பிறகு குழாய்த்தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக வரும் நாட்கள் உண்டு. அதே தண்ணீரில் ஒரு டம்ளர், கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் ஒரு டம்ளர் என்று சோதனையைப் பக்கத்தில் பக்கத்தில் செய்யுங்கள். இரண்டாவதில் நுரை தெளிவாகக் கூடினால், தண்ணீரை முந்தின இரவே வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துப் பாவியுங்கள். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் நீர்வழங்கல் சபை அலுவலகத்தில் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

### டம்ளரில் நுரை வரவில்லை

திறக்காத புதிய பொட்டலம் ஒன்றில் அதே சோதனையைச் செய்யுங்கள். புதியது நுரைத்தால் பழையது முடிந்தது, எறிந்துவிடுங்கள். திறந்த பொட்டலத்தை மடித்து ரப்பர் பட்டி போட்டுப் போறணைக்கு மேல் தட்டில் வைப்பதுதான் வழக்கமான காரணம். காற்றுப் புகாத டின்னில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில மாதம் தாங்கும்.

புதியதும் நுரைக்கவில்லையா? தர்மாமீட்டரைச் சந்தேகியுங்கள். உடம்பின் சூடு 37 பாகை. கமக்கட்டில் வைத்துப் பார்த்தால் பெரிய பிழை இருந்தால் தெரிந்துவிடும். அதுவும் சரியென்றால் பொட்டலத்தின் தொகுதி இலக்கத்தோடு விநியோகஸ்தரிடம் போகலாம். டம்ளரைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

## பாண் நன்றாக வருகிறது, பணிஸ் மட்டும் கல்லாக இருக்கிறது

மலைநாட்டில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். தீபாவளி, தேர்த்திருவிழா சமயத்தில் தோட்டப் பக்கம் இனிப்புப் பணிசுக்குக் கேள்வி கூடும்போது இன்னும் கூடும். இரண்டு மணித்தியாலம் கழித்தும் உருண்டை பிடித்த அளவிலேயே இருக்கும். மேல்தோல் பாகு பூசியது போல் மினுங்கும். விரலால் அமுக்கினால் பள்ளம் மெதுவாகக்கூட மேலே வராது. முகர்ந்தால் வெறும் இனிப்பு. பொங்கும் மாவுக்குரிய அந்தக் கள்ளு வாடை இல்லை.

ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய் தண்ணீர் விடுவது போலத்தான், சீனி கூடிய மாவில் ஈஸ்ட் செல்லும் தண்ணீரை இழந்து சுருங்குகிறது. ஆனால் மாங்காயைப் போல அது சும்மா இருப்பதில்லை. கிளிசரோல் என்ற சின்ன மூலக்கூறு வெளியே போகும் வாயில் ஒன்று சவ்வில் உண்டு, எஃப்.பி.எஸ்.1 என்று பெயர். சீனியின் இழுவை தெரிந்த சில நிமிடத்தில் ஈஸ்ட் அந்த வாயிலை மூடுகிறது. பிறகு உள்ளே கிளிசரோலைத் தயாரித்துச் சேர்த்து, அதைக் கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வெளியே கிளிசரோல் கிடைத்தால் அதை உள்ளே இழுக்கவும் தனி வாயில் வைத்திருக்கிறது. இத்தனைக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும், சீனி கூடினால் அதற்கும் மேல். கிளிசரோலாக மாறிய சீனியிலிருந்து நமக்கு வாயுவும் வராது. பணிஸ் தாமதிப்பதன் காரணம் இவ்வளவுதான். அந்த நேரத்தை நாம் எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி.

1. உண்மையான சீனிக் கணக்கைப் போடுங்கள். பாஸ் “பத்துக் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ சீனி” என்பார். 15 சதவீதம், பரவாயில்லை. அதற்குப் பிறகு மணத்துக்கென்று இரண்டு டின்பால் ஊற்றியிருப்பார். டின்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். அதைச் சேர்த்தால் 19 சதவீதம். முந்திரிகை வற்றலைச் சீனிப்பாகில் ஊறவைத்துப் போட்டிருந்தால் 20ஐத் தாண்டும். 5 சதவீதத்துக்கு மேலேயே சாதாரண ஈஸ்ட் மெல்ல மந்தமாகும். 20க்கு மேல் அதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. தேனும் குளுக்கோஸும் சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே எடைக்கு அவற்றின் இழுவை சீனியைவிட அதிகம். சீனியையும் ஈஸ்ட் தன் நொதியால் வெளியிலேயே இரண்டாக உடைத்துத்தான் உள்ளே எடுக்கிறது. அதனால் பிசைந்து முடித்த சில நிமிடங்களில் இழுவை தொடங்கிய அளவைவிடக் கூடும்.

2. உப்பைக் குறையுங்கள். பாணுக்குப் போடும் 2 சதவீதத்தைப் பணிசுக்கும் போடாதீர்கள். உப்பும் அதே பக்கம்தான் தண்ணீரை இழுக்கிறது. 1 முதல் 1.2 சதவீதம் போதும், ருசியிலும் குறை தெரியாது.

3. போடும் வரிசை. மெஷினில் முதலில் சீனி, அதன்மேல் ஈஸ்ட், அதன்மேல் தண்ணீர் என்று போடுகிறீர்களா? பொடி ஈஸ்ட் முதன்முதலில் நனைவதே கெட்டிப் பாகில் என்றாகிவிடும். காய்ந்த ஈஸ்ட்டின் சவ்வு நனைந்து பழைய நிலைக்கு வரும் அந்த முதல் நிமிடங்கள்தான் அதற்கு மிகக் கஷ்டமான நேரம். ஈஸ்ட்டை மாவோடு கலந்து, தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் சுற்றிய பிறகு சீனியைச் சேருங்கள். செலவில்லாத மாற்றம். இது ஒன்றிலேயே சரியான பேக்கரிகளைப் பார்த்திருக்கிறேன்.

4. இரண்டு கட்டமாகப் பிசையுங்கள். மேலே சொன்னதெல்லாம் செய்தும் மந்தமென்றால் இதைத்தான் நான் சொல்வேன். 10 கிலோ மாவில் 6 கிலோவை எடுத்து, முழு ஈஸ்ட், 3.6 லீற்றர் தண்ணீர், சீனியும் உப்பும் இல்லாமல் குழைத்து 27 பாகையில் விடுங்கள். இரண்டு மடங்காகப் பொங்கியதும், ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில், மிச்ச மா, மாஜரின், உப்பு, பாதிச் சீனி சேர்த்துப் பிசையுங்கள். 15 முதல் 20 நிமிடம் மூடி வைத்துவிட்டு மற்றப் பாதிச் சீனியைச் சேருங்கள். கொஞ்சமாகச் சுமையைப் பார்த்துப் பழகிய ஈஸ்ட் அடுத்து வரும் பெரிய சுமையை நன்றாகத் தாங்கும். அதற்குள் கிளிசரோலும் வாயில் மூடலும் தயாராகியிருக்கும். நேரம் கூடத்தான் எடுக்கும். ஆனால் தட்டுக்குத் தட்டு ஒரே அளவில் பணிஸ் வரும்.

5. கறுவா, கராம்பு. பணிஸ் மாவுக்குள்ளேயே கறுவாத்தூளைக் கலக்கிறீர்களா? இரண்டின் எண்ணெய்யும் ஈஸ்ட்டின் சவ்வைத் தாக்கும். நம் நாட்டுக் கறுவா வாசம் போகாமல் புதிதாக இடித்துப் போட்டால் 1 சதவீதத்திலேயே வித்தியாசம் தெரியும். மாவுக்குள் வேண்டாம். உருட்டி மடிக்கும்போது உள்ளே பூசுங்கள், அல்லது மேலே தூவுங்கள்.

6. இனிப்பு மாவுக்கான ஈஸ்ட். சீனி கூடிய மாவுக்கென்றே தேர்ந்தெடுத்த ஈஸ்ட் தனியாக வருகிறது. விலை கூட, பெரிய நகரக் கடைகளில் சொல்லி வைத்து எடுக்க வேண்டும். தினமும் 15 சதவீதத்துக்கு மேல் சீனி போட்டுச் செய்பவர்களுக்கு அது தகும். வாரத்துக்கு ஒரு நாள் பணிஸ் போடுபவர்களுக்கு நான்காவது வழியே போதும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈஸ்ட்டைக் கூட்டுவது, அதுவும் பொடி ஈஸ்ட் 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் எழும்பாவிட்டால் நிறுத்திக்கொண்டு, ஈஸ்ட் விற்கும் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆளைக் கூப்பிட்டு உங்கள் அளவுத் தாளை அப்படியே காட்டுங்கள்.

## முதலில் பொங்கி, பாதியில் நின்றுவிடுகிறது

சீனி போடாத ரோஸ் பாண் மாவில் இது வரும். முதல் முக்கால் மணி நன்றாக எழும்பும், அப்புறம் அசையாது. பயந்துபோய் மாவைக் குத்தி மறுபடி ஈஸ்ட் போட்டுப் பிசைவார்கள். வேண்டாம், பொறுங்கள். மாவில் இயற்கையாக உள்ள கொஞ்சச் சீனி தீர்ந்து, மாப்பொருள் உடைந்து வரும் மோல்ட்டோஸ் என்ற சீனிக்கு ஈஸ்ட் மாறும் நேரம் அது. மோல்ட்டோசை உள்ளே இழுக்கத் தனி வாயில் வேண்டும். எளிய சீனி இருக்கும் வரை ஈஸ்ட் அந்த வாயிலைக் கட்டுவதே இல்லை. 20 முதல் 40 நிமிடத்தில் தானாக மறுபடி ஏறத் தொடங்கும்.

ஒரு மணித்தியாலமாகியும் ஏறவில்லையா? அந்த மாவில் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு சிட்டிகை சீனி சேர்த்துப் பிசைந்து, கண்ணாடிப் போத்தலில் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள்.

- அரை மணியில் எழும்பினால் மாவில் மோல்ட்டோஸ் போதாது. சுட்ட பாணின் தோலும் வெளிறித்தான் இருக்கும். இப்போதைக்கு 1 சதவீதம் சீனி சேருங்கள்; அடுத்த லொறியில் வேறு தொகுதி மா கேளுங்கள். மா ஆலையிடம் ‘ஃபோலிங் நம்பர்’ எத்தனை என்று கேட்கலாம்; மாப்பொருளை உடைக்கும் நொதி குறைந்தால் அந்த எண் கூடும். 400 வினாடிக்கு மேல் சொன்னால் காரணம் அதுதான், மோல்ட் மா சேர்க்க அவர்களே அளவு தருவார்கள்.
- எழும்பாவிட்டால் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. மாவின் சூட்டையும் உப்பையும் மறுபடி பாருங்கள், பிறகு அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## மழைக்காலத்தில் மட்டும் மந்தம்

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபர் தொடங்கி. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். சூட்டைச் சரிசெய்தும் மாறாவிட்டால், பூஞ்சணத்துக்குப் பயந்து யாரோ மருந்தைக் கூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அந்த மருந்து கல்சியம் புரொப்பியோனேட். 50 கிலோ மூட்டைக்கு 100 முதல் 150 கிராம். தராசில் போட வேண்டும், கைப்பிடிக் கணக்கில் அல்ல. பூஞ்சணத்தைத் தடுப்பது அதிலிருந்து வரும் புரொப்பியோனிக் அமிலம்; அது ஈஸ்ட்டையும் விட்டுவைக்காது. அமிலம் முழு மூலக்கூறாக இருக்கும்போது எந்த வாயிலும் இல்லாமல் சவ்வு வழியே நேராக உள்ளே நுழைகிறது, உள்ளே போனதும் உடைகிறது. புளிப்பை வெளியே தள்ள ஒரு பம்பு, மிச்சத் துண்டை வெளியே தள்ள பி.டி.ஆர்.12 என்ற இன்னொரு பம்பு. இரண்டுமே ஈஸ்ட்டின் சக்தியைத் தின்னும். வெளியே தள்ளியதும் அமிலம் மறுபடி உள்ளே வரும். இதோடு வினாகிரியும் ஊற்றினால் மாவின் புளிப்புக் கூடி, முழு மூலக்கூறாக உள்ள அமிலத்தின் பங்கு ஏறும். அளவைக் கூட்டாமலே மருந்தின் வேகம் கூடிவிடும். ஆகவே இரண்டில் ஒன்று போதும்.

சோதனை சுலபம். மருந்தோடு ஒரு கிலோ மா, மருந்தில்லாமல் ஒரு கிலோ மா, மற்றதெல்லாம் ஒன்றுதான். இரண்டிலிருந்தும் ஒரே எடையில் துண்டு எடுத்து, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் போட்டு, மட்டத்தில் ரப்பர் பட்டி மாட்டுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பதில் கண்ணுக்குத் தெரியும்.

மருந்தைக் குறைத்தால் பூஞ்சணம் வருமே என்றால், பாண் நன்றாக ஆறும் முன் பையில் போடுகிறீர்களா என்று பாருங்கள். சூட்டோடு கட்டிய பை சூன்பாண் திரீவீலில் ஏறி ஒரு வளைவு திரும்புவதற்குள் உள்ளே வியர்த்துவிடும். பூஞ்சணத்துக்கு அந்த ஈரம் போதும். கம்பித் தட்டில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஆறவிடுங்கள். அந்த அறையின் சுவர், தட்டு, கத்தி எல்லாவற்றையும் மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது கழுவிக் காயவையுங்கள்.

பூஞ்சணத்தைத் தடுக்கும் மற்ற மருந்துகளான சோர்பேட், பென்சோயேட் இரண்டையும் மாவுக்குள் போடவே வேண்டாம். பணிசுக்குள் வைக்கும் கடை ஜாமில் அவை இருக்கக்கூடும். உள்ளே வைக்கும்போது பாதகமில்லை, மாவோடு பிசைந்தால் பாதகம்.

## மா ஒட்டுகிறது, தட்டில் பரவி ஓடுகிறது

முதலில் தண்ணீரை 1 முதல் 2 சதவீதம் குறைத்துப் பாருங்கள். மலை ஓடைத் தண்ணீரில் தாது உப்புகள் குறைவு. மென்மையான தண்ணீரில் மா தளர்ந்துதான் நிற்கும்.

அதில் சரியாகாவிட்டால் ஈஸ்ட்டை எப்படி நனைக்கிறீர்கள் என்று பாருங்கள். பருமனான மணி ஈஸ்ட்டைக் குளிர்ந்த குழாய்த்தண்ணீரில் ஊறவைத்தால், சவ்வு இறுகுவதற்குள் உள்ளே இருப்பது கசிந்துவிடும். அதில் குளுட்டதியோன் என்ற ஒன்று உண்டு. அது மாவின் பசைத்தன்மையையே அறுக்கும். ஈஸ்ட் பலவீனம், மாவும் பலவீனம் என்று இரட்டை நட்டம். 38 முதல் 43 பாகைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். மணல் போல நுண்ணிய பொடி ஈஸ்ட்டை ஊறவைக்காமல் மாவோடே கலக்கலாம், ஆனால் ஐஸ் போன்ற தண்ணீர் அதன்மேல் நேராக விழக் கூடாது. பழைய, செத்துப்போன ஈஸ்ட்டை வீணாக்காமல் புதியதோடு கலந்து போடுபவர்களுக்கும் இதே கோளாறு வரும்.

பச்சை அன்னாசியோ பச்சை இஞ்சியோ அரைத்துச் சேர்த்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம், இரண்டும் மாவின் புரதத்தைக் கரைக்கும். வேகவைத்துச் சேருங்கள்.

## நன்றாகப் பொங்கியது, போறணைக்குள் போனதும் அமுங்குகிறது

ஈஸ்ட்டின் குற்றமில்லை, காத்திருந்த நேரம் கூடிவிட்டது. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரே அளவு வாயு இங்கே கால் பங்கு கூடுதலாக விரியும். அச்சின் விளிம்பு வரை வரட்டும் என்று காத்திராதீர்கள். விரலால் மெதுவாக அமுக்கும்போது பள்ளம் மெல்ல, முழுவதும் இல்லாமல் மேலே வந்தால் அதுதான் நேரம்.

அப்படியும் அமுங்கினால் போறணையின் சூடு போதவில்லை. விறகுப் போறணை என்றால் ஈர விறகையும் செங்கல் வெடிப்பையும் பாருங்கள். மின்சாரப் போறணை, சூடேற்றும் பெட்டி என்றால் சுருளைக் கழற்ற முயல வேண்டாம். நீராவி படியும் இடத்தில் மின்கசிவு இருந்தால் உயிராபத்து. தட்டைத் தொடும்போது சுர்ரென்று ஒரு தடவை உணர்ந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

## உறைய வைத்த மா மறுநாள் எழும்பவில்லை

பொங்கத் தொடங்கிய மாவை உறைபெட்டியில் வைத்திருக்கிறீர்கள். ஈஸ்ட் பொட்டலத்தில் இருக்கும்போது உறைவையும் வறட்சியையும் தாங்க ட்ரெஹலோஸ் என்ற சீனியை நிறையச் சேர்த்து வைத்திருக்கும். சவ்வின் இரு பக்கமும் அது இருந்தால்தான் காவல். மாவில் பொங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அதைத் தானே கரைத்துவிடும். பிசைந்த உடனே, சின்ன உருண்டையாக, தட்டையாக அழுத்தி வையுங்கள். மின்வெட்டில் உருகிய மாவை மறுபடி உறைய வைக்காதீர்கள். அன்றைக்கே ரொட்டியாகத் தட்டிச் சுட்டுவிடலாம்.

## பாணை வெட்டினால் நூல் இழுபடுகிறது, அழுகிய பழ வாடை

இது ஈஸ்ட் சம்பந்தப்பட்டதே அல்ல, ஆனாலும் அடிக்கடி ஈஸ்ட்டைத்தான் சொல்வார்கள். மாவில் வரும் பசிலஸ் கிருமியின் வித்துகள் சுடும்போதும் சாவதில்லை. தண்ணீர் 94 பாகையில் கொதிக்கும் உயரத்தில் பாணின் நடுப்பகுதி அதற்கு மேல் சூடாகவும் மாட்டாது. மலையில் சுட்டு, கம்பளை, கண்டிப் பக்கத்து வெக்கைக்கு அனுப்பும் பாணில் இரண்டாம் நாள் இது தெரியும்.

அந்தத் தொகுதி பாணை விற்கவும் வேண்டாம், பிஸ்கட், ரஸ்க் என்று மாற்றவும் வேண்டாம், மாட்டுக்கும் கொடுக்க வேண்டாம். பழைய மாவைப் புதிய மாவோடு சேர்க்கும் பழக்கம் இருந்தால் அன்றோடு நிறுத்துங்கள். மேசை, மெஷின் கிண்ணம், தட்டு, வெட்டும் கத்தி எல்லாவற்றையும் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, பிறகு வினாகிரித் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். வேறு தொகுதி மாவில் சின்னதாக ஒரு சூளை சுட்டு, இரண்டு பாணை ஈரத்துணியில் சுற்றி 30 பாகைச் சூட்டில் இரண்டு நாள் வைத்து வெட்டிப் பாருங்கள். நூல் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். மறுபடி இழுபட்டால் பேக்கரியை மூடி வைத்துவிட்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மாவில் ஒரு பொதி, பாணில் ஒரு துண்டு என்று தனித்தனியாகக் கட்டி, திகதியும் தொகுதி இலக்கமும் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.